அந்தாலியாவுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள்: துருக்கிக்குக் குழு அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று பல ஊர்களிலிருந்து துருக்கிக்கு ஆட்களைக் குழுவாக அழைத்துப் போகும் சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் துருக்கிப் பேக்கேஜில் இஸ்தான்புல், கப்படோசியா, பாமுக்கலே ஆகியவற்றோடு அந்தாலியாவும் பெரும்பாலும் வருகிறது. மத்தியதரைக் கடலோரத்தில், எதிரே மலைத்தொடர் நிற்க, செங்குத்தான பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். அங்கே இருக்கும் பழைய நகரத்துக்கு, கலேயிச்சி என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கோட்டைக்குள் இருக்கும் அந்தப் பகுதிக்கு, ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். மூன்று மணி நேரம் போதும். நடந்து பார்க்க வேண்டும், விவரம் தெரிந்த ஒருவர் கூடவே தமிழில் சொல்லிக்கொண்டு வர வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

இப்போது நடப்பது உங்களுக்கே தெரியும். பயணத்திட்டத்தில் ‘ஓல்ட் டவுன் விசிட், ஃப்ரீ டைம்’ என்று ஒரு வரி இருக்கும். நான் போன குழுவில் காலையில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் லெதர் ஷோரூமில் கழிந்தது. அங்கே ஃபேஷன் ஷோ நடந்தது, ஆப்பிள் டீ கொடுத்தார்கள், யாரும் அவசரப்படுத்தவில்லை. அதன் பிறகு உச்சி வெயிலில் ஹேட்ரியன் வாசலுக்கு எதிரே பஸ்ஸை நிறுத்தி, “இருபத்தஞ்சு நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க” என்றார்கள். பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி என் பக்கத்தில் நின்றார்கள். அந்த அம்மா, “இது யாருப்பா கட்டினது? எதுக்கு ரோட்டை விடப் பள்ளத்துல இருக்கு?” என்று கேட்டார். சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. டூர் மேனேஜர் பஸ்ஸுக்குள் சாப்பாட்டுக்கு போன் பேசிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பேருக்கு இந்தியன் லஞ்ச் ஏற்பாடு செய்வது லேசான வேலை இல்லை. ஆனால் வாழ்நாள் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து வந்த ஒருவர் கேட்கும் கேள்விக்கு உங்கள் பேக்கேஜுக்குள் ஒரு பதில் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அந்தக் கேள்விக்கான பதிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 130ல் இந்த ஊருக்கு வந்தார். தன் ஆட்சிக்காலத்தில் பாதியை ஊர் ஊராகச் சுற்றியே கழித்த மன்னர் அவர். அந்த வருகையைக் கொண்டாட ஊர் மக்கள் எழுப்பிய வாசல் இது. ஒரே அளவில் மூன்று வளைவுகள், முன்னும் பின்னும் தூண்கள். வளைவுக்குக் கீழே நின்று தலையை நிமிர்த்திப் பார்த்தால் உட்கூரை முழுக்கச் சதுரம் சதுரமாகக் குழிவு. ஒவ்வொரு குழிவுக்குள்ளும் ஒரு பூ. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. இதழ் விரிந்தது, சுருண்டது, நடுவில் மொட்டு வைத்தது என்று கல்தச்சர் கை போன போக்கில் செதுக்கியிருக்கிறார். எதிரே பஸ்ஸில் இருந்தபடி பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. வளைவுக்கு அடியில் போய் நிற்க வேண்டும்.

பள்ளத்தில் இருப்பதற்குக் காரணம், இரண்டாயிரம் ஆண்டில் ஊர் மேலே ஏறிவிட்டது. பழைய தெருவின் மட்டம்தான் வாசலின் மட்டம். நடுவளைவுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள். அதில் நின்று குனிந்து பாருங்கள். பழைய தளக்கற்களில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடி அறுத்த தடங்கள் இரண்டு, விரல்கள் உள்ளே போகும் ஆழத்துக்கு இருக்கும். பாரம் ஏற்றிய மாட்டு வண்டிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் போனால்தான் கல்லில் அப்படி ஒரு பள்ளம் விழும். என்னைக் கேட்டால், மேலே இருக்கும் பேரரசரின் பெருமையை விட இந்தத் தடம்தான் அந்த வாசலில் பார்க்க வேண்டிய முதல் பொருள். கண்ணாடிப் பாலத்தில் செல்ஃபி எடுத்த எங்கள் குழுவினர் பலருக்கு அந்தக் கண்ணாடி எதற்காகப் போட்டிருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அங்கேயே நின்று சொல்லலாம். பல நூற்றாண்டுகள் இந்த வாசல் நகரச் சுவருக்குள் அடைந்து கிடந்தது. வாசல் என்று பயன்படாமலே கிடந்ததால்தான் இவ்வளவு முழுசாகத் தப்பித்தது என்கிறார்கள். 1950களில்தான் சுற்றியிருந்த கட்டுமானம் விலகி, சீர் செய்யப்பட்டு, மறுபடி மக்கள் நடக்கும் வழியானது. இருபுறமும் இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன. இரண்டும் ஒன்றுபோல் தெரியும், ஆனால் ஒரே காலத்தவை அல்ல. தெற்கே இருப்பது ரோமர் காலத்தது, ஜூலியா சாங்க்டா என்ற பெண்ணின் பெயரைத் தாங்கியது. வடக்கே இருப்பதன் மேற்பகுதியை ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து, செல்ஜுக் என்ற துருக்கிய அரச வம்சத்துச் சுல்தான் அலாவுதீன் கைகுபாத் மறுபடி கட்டினார். அவர் பெயர் பொறித்த கல்வெட்டும் அதில் இருக்கிறது. ரோமர் எழுப்பிய வாசலுக்குத் துருக்கிய சுல்தான் காவல் கோபுரம் எழுப்பியிருக்கிறார். இந்த ஊரின் கதை முழுவதும் இப்படித்தான். வந்தவர்கள் பழையதை இடித்துத் தள்ளாமல் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போனார்கள்.

ஊருக்குப் பெயர் வந்தது பெர்கமன் நாட்டு மன்னர் இரண்டாம் அட்டலஸிடமிருந்து. கி.மு. 159 முதல் 138 வரை ஆண்டவர். தனக்கு ஒரு நல்ல துறைமுகம் வேண்டும் என்று இந்தப் பாறை வளைவைத் தேர்ந்தெடுத்தார். தமிழ் விவிலியம் வாசித்தவர்களுக்கு ‘அத்தலியா பட்டணம்’ என்ற பெயர் ஞாபகம் இருக்கும். அப்போஸ்தலர் நடபடிகள் 14ஆம் அதிகாரத்தில் பவுலும் பர்னபாவும் பெர்கேயில் பிரசங்கம் செய்துவிட்டு அத்தலியாவுக்கு வந்து அந்தியோகியாவுக்குக் கப்பல் ஏறுகிறார்கள். அந்தத் துறைமுகம் இதுதான். பெர்கே இங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான். திருத்தலப் பயணம், ஏழு சபைகள் பயணம் என்று கிறிஸ்தவக் குழுக்களை அழைத்துப் போகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எபேசுவைக் காட்டுகிறீர்கள், நல்லது. அந்தாலியாவில் தங்கும் குழு என்றால் துறைமுகப் படிக்கட்டில் உட்கார வைத்து அந்த அதிகாரத்தை ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவாகாது.

அதே துறைமுகத்தில் நடந்த ஒரு துயரமும் உண்டு. இரண்டாம் சிலுவைப் போரின்போது, 1148ன் தொடக்கத்தில், பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயி தன் படையோடு மலைகளைத் தாண்டிக் களைத்துப் போய் இங்கே வந்து சேர்ந்தார். எல்லோரையும் ஏற்றிப் போகக் கப்பல் போதவில்லை. மன்னரும் பிரபுக்களும் கப்பல் ஏறி அந்தியோகியாவுக்குப் போய்விட்டார்கள். காலாட்படையும் கூட வந்த ஏழை யாத்திரிகர்களும் இந்தச் சுவர்களுக்கு வெளியே விடப்பட்டார்கள். பட்டினியிலும் நோயிலும் சண்டையிலும் அவர்களில் பெரும்பாலோர் முடிந்துபோனார்கள். இப்போது அங்கே கடற்கொள்ளையர் கப்பல் போல் அலங்கரித்த உல்லாசப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. நம் குழுக்கள் ஏறுவதும் அந்தப் படகுகளில்தான். படகுச் சவாரி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடலிலிருந்து பார்த்தால்தான் அந்தப் பாறைச் சுவரும் அதன் மேல் ஓட்டுக்கூரைகளும் சேர்ந்து கண்ணுக்குப் பிடிபடும். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஹேட்ரியன் வாசலுக்குள் நுழைந்து நேராகக் கடலைப் பார்த்து நடந்தால் ஐந்து நிமிடத்தில் கெசிக் மினாரா வந்துவிடும். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முதலில் இங்கே ஒரு ரோமர் கோயில் இருந்தது. பிறகு அதே இடத்தில் அதன் கற்களையே எடுத்து மாதா பெயரில் ஒரு பெரிய தேவாலயம் எழுந்தது. 1207ல் செல்ஜுக்குகள் ஊரைப் பிடித்த பின் அது பள்ளிவாசலானது. 1361ல் சைப்ரஸ் மன்னர் முதலாம் பீட்டர் கடல் வழியாக வந்து ஊரைப் பிடித்தபோது மறுபடி தேவாலயம். அவர்கள் ஆட்சி 1373ல் முடிந்தது. அப்புறம் ஓட்டோமான் இளவரசர் கோர்குத் இங்கே ஆளுநராக இருந்தபோது மீண்டும் பள்ளிவாசலாக்கினார். 1896ல் தீப்பிடித்து மினாராவின் மர உச்சி எரிந்து போனது. மொட்டையாக நின்ற அந்தத் தூணை வைத்துத்தான் ‘உடைந்த மினாரா’ என்று ஊர் அழைக்க ஆரம்பித்தது. நூற்றுச் சொச்சம் ஆண்டு கூரையில்லாத இடிபாடாகவே கிடந்து, சீரமைக்கப்பட்டு 2021ல் மறுபடி தொழுகைக்குத் திறந்தார்கள். மினாராவுக்குப் புதிய உச்சியும் வைத்தாகிவிட்டது. இடிபாடாகவே விட்டிருக்கலாம் என்று சொல்பவர்களும் அங்கே உண்டு. நான் அவர்கள் பக்கம்தான். எல்லா அடுக்கையும் ஒரே பார்வையில் காட்டிய இடம் அது. இருந்தாலும் சுற்றி வந்து பார்த்தால் சுவரில் இன்றைக்கும் ரோமர் கால வேலைப்பாட்டுக் கல் ஒன்று, அதை ஒட்டித் தேவாலயக் கல், அதன் மேல் செங்கல் என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். ஆள் இருந்து விரல் நீட்டிக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

நம் தமிழ் முஸ்லிம் குழுக்களை உம்ராவோடு சேர்த்துத் துருக்கிக்கு அழைத்து வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உண்மையில் இது தமிழர் எல்லோருக்குமானது. மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிப் பயண நூல் சொன்ன இப்னு பதூதா இந்த ஊருக்கு வந்திருக்கிறார். 1330களின் தொடக்கத்தில் சிரியாக் கரையிலிருந்து ஒரு ஜெனோவாக்காரக் கப்பலில் ஏறி, அலான்யாவில் இறங்கி, அங்கிருந்து அந்தாலியாவுக்கு. ஊரை அவர் விவரித்திருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு கலேயிச்சியில் நடக்கலாம். கிறிஸ்தவ வணிகர்கள் துறைமுகத்தை ஒட்டி ஒரு தனிப் பகுதியில், அதைச் சுற்றி ஒரு மதில், இரவிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்திலும் அதன் கதவுகளைச் சாத்திவிடுவார்கள். ஊரின் பழைய குடிகளான கிரேக்கர் ஒரு பகுதியில், யூதர் இன்னொன்றில், மன்னரும் அவர் ஆட்களும் வேறொன்றில், முஸ்லிம்கள் பெரிய நகரத்தில். எல்லாவற்றையும் சேர்த்து வளைத்து ஒரு பெரிய சுவர். ஊரின் ஆப்ரிகாட் பழத்தை அவர் அவ்வளவு புகழ்கிறார். காயவைத்து எகிப்துக்கு ஏற்றுமதி செய்தார்களாம்.

இங்கே அவருக்கு ஒரு விருந்து நடந்தது. நைந்த துணியும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் வந்து, நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் என் விருந்தாளிகளாக வர வேண்டும் என்று அழைக்கிறார். இவ்வளவு ஏழைக்கு நாம் பாரமாகக் கூடாதே என்று இப்னு பதூதா தயங்குகிறார். அப்போதுதான் சொல்கிறார்கள், அவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி, ‘அகி’ என்ற கைத்தொழிலாளர் கூட்டத்தின் தலைவர், இருநூறு பேர் சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பகலில் சம்பாதிப்பதை இரவில் விருந்தினருக்குச் செலவழிக்க ஒரு மடமே கட்டி வைத்திருக்கிறார்கள் என்று. போய்ப் பார்த்தால் கம்பளம் விரித்து, விளக்கேற்றி, பழமும் பலகாரமும் பாட்டுமாக அமர்க்களம். இதே இப்னு பதூதாதான் அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து மதுரைக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுதீனின் மனைவியும் இவர் மனைவியும் அக்கா தங்கை. அங்கே கண்ட கொடுமைகளையும் கொள்ளை நோயையும் எழுதி வைத்தார். மதுரையிலிருந்து புறப்படும் ஒரு குழுவுக்கு, நம் ஊரைப் பார்த்து எழுதியவர் இந்தத் தெருவிலும் நடந்தார் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பஸ்ஸில் நான் இதை ஒருவரிடம் சொல்ல, பின் சீட்டு வரைக்கும் பேச்சு போய், இறங்குகிற வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்னு பதூதா வந்தபோது யிவ்லி மினாரா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 38 மீட்டர் உயரம். அடியில் சதுரமான கல் பீடம், மேலே செங்கல். உருளையாக ஏறாமல், எட்டு அரை உருளைகளைச் சேர்த்துக் கட்டிய கரும்புக் கட்டு மாதிரி ஏறுகிறது. ஒரு காலத்தில் அந்தச் செங்கலுக்கு நடுவே நீலப் பச்சை ஓடுகள் பதித்திருந்தார்கள். இன்றைக்கும் அங்கங்கே சில துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும், காலை வெயில் படும்போது தேடினால் கிடைக்கும். ஊரின் சின்னமே இதுதான். பக்கத்தில் ஆறு குவிமாடத்தோடு இருக்கும் பள்ளிவாசல் 1373ல் கட்டியது.

பள்ளிவாசலைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர் முடிந்து 1919ல் இத்தாலியப் படை அந்தாலியாவில் இறங்கியது. அவர்களோடு வந்த ஆய்வாளர்கள் அக்கம்பக்கத்து இடிபாடுகளிலிருந்து சிலைகளை எடுத்துச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சுலைமான் ஃபிக்ரி என்ற உள்ளூர் ஆசிரியர் இதைப் பார்த்துப் பொறுக்காமல், தொல்பொருள் காப்பாளராகத் தன்னை நியமிக்கச் சொல்லி அரசிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகப் போய்ச் சிலைகளையும் கல்வெட்டுகளையும் சேர்த்தார். 1922ல் அவற்றை வைத்து ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். பின்னாளில் அந்தச் சேகரிப்பு நான் சொன்ன யிவ்லி பள்ளிவாசலுக்குள்ளேயே முப்பது ஆண்டுக்கும் மேல் இருந்து, 1972ல் தனிக் கட்டடத்துக்குப் போனது. நாட்டின் தலைவிதியே தெரியாத நேரத்தில், கையில் அதிகாரம் என்று பெரிதாக எதுவும் இல்லாத ஒரு வாத்தியார் செய்த வேலை. அந்தாலியாவில் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேச நேரம் இருக்கிறது என்றால், மன்னர்களை விட்டுவிட்டு இவரைப் பற்றிப் பேசுங்கள்.

அந்த அருங்காட்சியகத்தில்தான் பெர்கேயில் கிடைத்த சிலைகள் சேர்ந்தன. 2ஆம் நூற்றாண்டில் பெர்கேயின் நகர வாசலைத் தன் செலவில் புதுப்பித்த பிளான்சியா மாக்னா என்ற பெண்மணியின் சிலையும் அவற்றில் ஒன்று. ‘களைத்த ஹெராக்ளிஸ்’ என்ற கிரேக்கப் புராண வீரனின் சிலை இன்னொன்று. அதன் கீழ்ப்பாதி 1980ல் பெர்கே அகழாய்வில் கிடைத்தது. மேல்பாதியைக் காணோம். பார்த்தால் அது கடத்தப்பட்டு அமெரிக்காவில் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் நின்றது. 1992ல் இரண்டு பாதியின் அச்சுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது கச்சிதமாகப் பொருந்தின. அப்படியும் பாதிச் சிலை வீடு வந்து சேர 2011 ஆனது. ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014ல் திரும்பிய கதை தெரிந்த நமக்கு இது யாரும் விளக்க வேண்டாத விஷயம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பழைய கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2025 ஜூலையில் அருங்காட்சியகத்தை மூடிவிட்டார்கள், புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஆகவே புறப்படும் முன் நிலவரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும் இடத்தைப் பயணத்திட்டத்தில் போட்டு, அங்கே போய் வாசலில் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஹிதிர்லிக் கோபுரம். பாறை விளிம்பில், பூங்காவை ஒட்டி, 14 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கீழே சதுரம், மேலே வட்டம். ரோமர் காலத்தது. யாரோ ஒரு பெரிய அதிகாரியின் கல்லறை என்கிறார்கள், கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டிருக்கலாம். அங்கிருந்து வளைகுடா முழுசும் எதிரே பெய்தாலாரி மலைத்தொடரும் தெரியும். விளக்கத்துக்கு இங்கே அதிகம் வேலை இல்லை. உட்கார விட்டால் போதும்.

சரி, இப்போது நடைமுறை. “நேரம் இல்லை” என்பீர்கள். ஷோரூமில் கழியும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அங்கிருந்து வரும் கமிஷனை வைத்துத்தான் பேக்கேஜ் விலையைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது என்று உங்கள் தொழிலில் இருப்பவர்களே என்னிடம் சொன்னார்கள். அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் ஷோரூமை மாலைக்குத் தள்ளுங்கள், விரும்புகிறவர்கள் வரட்டும். அல்லது கொஞ்சம் விலை கூட்டி ‘கடை இல்லாத பேக்கேஜ்’ என்று ஒன்றைத் தனியாக வையுங்கள். வாங்க ஆள் இருக்கிறது. “வயதானவர்கள் நடக்க மாட்டார்கள்” என்பதும் முழு உண்மை இல்லை. வாசலிலிருந்து கடல் பக்கம் வரை இறக்கம்தான். முட்டி வலி உள்ளவர்களுக்குத் துறைமுகத்திலிருந்து மேலே ஏற, பாறையை ஒட்டி லிஃப்டே வைத்திருக்கிறார்கள். பஸ் உள்ளே வராது, தெருக்கள் குறுகல், கல் பாவியது, தேய்ந்து வழுக்கும். ஆகவே செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வரச் சொல்லி முந்தைய இரவே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். பள்ளிவாசலுக்குள் நுழையப் பெண்கள் கையோடு ஒரு துப்பட்டா வைத்திருந்தால் போதும்.

காலை எட்டு மணிக்கு ஹேட்ரியன் வாசலில் கூட்டமே இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் அந்தாலியா வெயில் 35 டிகிரிக்கு மேல் போகும், அப்போது பன்னிரண்டு மணிக்கு அங்கே இறக்கி விடுவது யாருக்கும் நல்லதில்லை. ஏப்ரல், மே, அக்டோபர் என்றால் மூன்று மணி நேரம் சுகமாக நடக்கலாம். தெருவெங்கும் கசப்பு நாரத்தை மரங்கள், அந்தப் பழத்தில் ஜாம் செய்து விற்கிறார்கள். பழைய மர வீடுகளின் மாடி, தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வீடுகளில் பல, 1923ன் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் கிரீஸுக்குப் போக நேர்ந்த கிரேக்கக் குடும்பங்கள் விட்டுப் போனவை. வாசற்படியில் கூழாங்கல் பதித்துக் கோலம் மாதிரி வேலை செய்திருப்பதைக் காட்டுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு இந்தியன் ரெஸ்டாரண்ட் தேடி நாற்பது நிமிடம் பஸ் ஓட்ட வேண்டியதில்லை. அந்தாலியாவின் ‘பியாஸ்’ வெள்ளை பீன்ஸில் எள் விழுது, எலுமிச்சை, பூண்டு சேர்த்துச் செய்வது. மேலே வைக்கும் முட்டையை வேண்டாம் என்று சொன்னால் சைவக்காரர்களும் சாப்பிடலாம். கூடவே ரொட்டி, தயிர், வறுத்த கத்தரிக்காய். எங்கள் குழுவில் ரசம் சாதம் இல்லாமல் முடியாது என்றிருந்தவர்களே அதை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்கள்.

கைடு விஷயம் முக்கியம். துருக்கியில் உரிமம் பெற்ற உள்ளூர் கைடுதான் விளக்க முடியும், அது சட்டம். அவர் ஆங்கிலத்தில் சொல்வார். உங்கள் டூர் மேனேஜரின் வேலை அதைத் தமிழில் சொல்வது. அதற்கு அவர் ஊரைப் பற்றி முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். ஆகவே, விசா, ஹோட்டல், பஸ் ஏற்பாடுகளோடு சேர்த்து ஒவ்வொரு ஊருக்கும் நான்கு பக்கத் தமிழ்க் குறிப்பு ஒன்றையும் அவர் கையில் கொடுங்கள். அதையே அச்சடித்துப் பயணிகளுக்கும் கொடுக்கலாம். அறுபது வயதில் முதல்முறை பாஸ்போர்ட் எடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பேரப் பிள்ளைகளிடம் சொல்ல அது உதவும்.

அந்தாலியாவுக்கான குறிப்பை நானே எழுதித் தருகிறேன். பெயர் போட வேண்டாம், காசும் வேண்டாம், எந்த நிறுவனம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த சீசன் அட்டவணையை டிசம்பர், ஜனவரியில் போட ஆரம்பிப்பீர்கள். அதில் ‘ஓல்ட் டவுன், ஃப்ரீ டைம்’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘காலை 8 முதல் 11 வரை, கலேயிச்சி நடை, தமிழ் விளக்கத்துடன்’ என்று எழுதுங்கள்.

நம்பிக்கையுடன்,
உங்கள் பயணிகளில் ஒருவர்